பூசாத மஞ்சள்

வகிடு மஞ்சளாக இருந்தது. சீப்பின் முனையால் தங்கையின் உச்சந்தலையில் கோடு இழுத்துக்கொண்டிருந்த காளீஸ்வரிக்கு அதைப் பார்த்ததும் முதலில் வந்தது எரிச்சல்தான். முகத்துக்குப் பூசினாள், கழுத்துக்குப் பூசினாள், தாலிக்கயிற்றுக்கென்று தனியாகக் குழைத்துப் பூசினாள், இப்போது தலைக்கும் பூச ஆரம்பித்துவிட்டாளா. கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சளைக் கண்டாலே ஓடியவள் இந்தச் செல்வி. வெள்ளிக்கிழமைகளில் அம்மா உரசிக் கொடுப்பதைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டிவிட்டு, வெறும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வருவாள். ஆடி பிறந்ததும் அம்மா போய் அவளை அழைத்துக்கொண்டு வந்தபோது பெட்டியைத் திறந்தால் சேலைகளுக்கு அடியில் ஒரு பை நிறையப் பூசுமஞ்சள் கிழங்கு. "எங்க அத்தைக்கு மஞ்சப் பூசாம குளிச்சா பிடிக்காதுக்கா" என்றாள். எங்க அத்தை. அந்த 'எங்க' காளீஸ்வரியின் காதுக்குள் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் குளியலறையிலிருந்து மஞ்சள் வாசனை வரும், பின்னாலேயே செல்வி வருவாள். அப்பா கடலைமிட்டாய்க் கம்பெனிக்குக் கிளம்புகிறவர் நின்று பார்த்துவிட்டு, "லட்சுமி கணக்கா இருக்கா" என்பார். நேற்றுகூடச் சொன்னார். பக்கத்தில்தான் காளீஸ்வரி, வகுப்புக்குப் போகத் தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்து, "தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டியாம்மா?" என்றார். அதுவும் அன்புதான். அவள் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்தேழு வருஷத்தில் தன்னை யாரும் லட்சுமி கணக்கா என்று சொன்னதில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. வந்ததை என்ன செய்வது. "அக்கா, மெதுவா, வலிக்குது" என்றாள் செல்வி. தரையில் உட்கார்ந்து, கட்டிலில் இருந்த அக்காவின் முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். சிக்கே இல்லாத இடத்தில் சீப்பு இழுத்திருந்தது. வேண்டுமென்றே இழுக்கவில்லை. கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

சீக்கிரம் பின்னி முடிக்க வேண்டும். சம்பந்தியம்மா வேன் பிடித்து வந்துகொண்டிருக்கிறாள். செல்வியை ஏற்றிக்கொண்டு அவர்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போய்க் கிடாய் வெட்டிப் பொங்கல் வைக்கிற ஏற்பாடு. காரணம் அந்த ஒரு சொல், விசேஷம். அம்மா அதைச் சம்பந்தியம்மாவிடம் போனில் சொன்னபோது குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது. "நாள் தள்ளிப் போயிருக்கு மதினி. வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்கா. விசேஷமாத்தான் இருக்கும்." அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சொல் போதும். டாக்டரிடம் போகலாமே என்று காளீஸ்வரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "கோயிலுக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கிடலாம், ஒனக்கு என்ன தெரியும்" என்று அம்மா முடித்துவிட்டாள். ஒனக்கு என்ன தெரியும். பயோடெக் படித்தவள், நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறவள், உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாததா. ஆனால் அம்மா சொன்ன தெரிதல் அதுவல்ல. கல்யாணமாகாதவளுக்குத் தெரியக்கூடாத ஒன்று. அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு செல்வி உள்ளே போய்விட்டாள், காளீஸ்வரி வெளியிலேயே நிற்கிறாள். முதலில் செல்விக்குக் காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி என்றாள். அம்மா மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். காய்ச்சல் விட்டது, வாந்தி பிடித்துக்கொண்டது. எண்ணெய் காய்கிற வாசனை வந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அப்பா வேலை முடிந்து வந்ததும் அவர் சட்டையில் வெல்லப்பாகும் வறுத்த கடலையுமாக ஒரு வாசனை இருக்கும். சின்னதிலிருந்து அந்தச் சட்டையில் முகத்தை வைத்துக் கிடந்தவள், "தள்ளிப் போங்கப்பா, கொமட்டுது" என்று திரும்பிக்கொண்டாள். அப்பாவுக்கு வருத்தமே இல்லை. வெட்கத்தோடு சிரித்தார். அடுத்த வீட்டு லீலா சித்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏட்டி செல்வி, ஆடியில பிரிச்சு வைக்கிறதே இதுக்குத்தான். நீ அதுக்கு முந்தியே முடிச்சிட்டு வந்திட்டியே, கெட்டிக்காரி" என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "சும்மா கெட லீலா, கொமரு இருக்கு" என்றாள். கொமரு என்றால் காளீஸ்வரி. அவள் அப்போது பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சரியான விடை ஒன்றுக்குத் தப்புப் போட்டுவிட்டு, பிறகு அடித்துச் சரி செய்தாள்.

தலைக்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை. இந்த நினைப்பு எங்கிருந்தோ தனியாக வந்தது. கை வலது பக்கத்து முடியை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது. முகத்தில் பூசியது நெற்றி விளிம்பில் தங்கும், காது மடலில் தங்கும். உச்சியில் எப்படித் தங்கும்? அதுவும் திட்டுத் திட்டாக இல்லை. தோலுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரே சீராக இருந்தது. காளீஸ்வரி பெருவிரலால் வகிட்டைத் தேய்த்தாள். அழுத்திய இடம் ஒரு கணம் வெளுத்தது, வெளுத்ததிலும் மஞ்சள் தெரிந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "என்னக்கா, பேன் இருக்கா?" என்றாள் செல்வி. "இல்ல." இன்று அவள் குளிக்கவே இல்லையே. முடியவில்லை என்று முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்படியானால் கழுத்தில் இருப்பது? முழங்கையில் இருப்பது? முழங்கையில் நகத்தால் சொறிந்த கோடுகள் வேறு. இரண்டு நாளாக வியர்க்குரு என்று சொறிந்துகொண்டிருக்கிறாள். ஒன்று வந்ததும் மற்றவையெல்லாம் வரிசை கட்டாமல், ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தன. குளியலறை. இந்த ஊரில் தண்ணீர் என்றைக்கு வருமோ, டிரம்மில் பிடித்து வைத்ததுதான், ஒருமுறை போனால் ஒரு கப் தண்ணீர்தான் என்பது அப்பாவின் சட்டம். காலையில் செல்விக்குப் பின்னால் அவள் போனபோது கக்கூஸ் கோப்பையில் நின்ற சிறுநீர் பால் விடாத காப்பி மாதிரி இருந்தது. நேற்றும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும். மூன்று நாளும் அதைப் பார்த்துவிட்டு அவள் நினைத்தது ஒன்றே ஒன்று, மகாராணிக்கு ஒரு கப் தண்ணி ஒழுங்காக ஊற்றக்கூடக் கை வராது. அவ்வளவுதான் நினைத்தாள். நிறத்தைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. போன மாதம்தான் வகுப்பில் போர்டு நிறையக் கல்லீரலை வரைந்து, பித்தநிறமி எங்கே உண்டாகிறது, எப்படி வெளியேறுகிறது, வைரஸ் தாக்கிக் கல்லீரல் வீங்கினால் அது எப்படி ரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் சிறுநீரிலும் போய் நிற்கிறது என்று அம்பு போட்டு அம்பு போட்டுச் சொன்னாள். காய்ச்சல், அசதி, பசியின்மை, எண்ணெய் வாசனை ஆகாமை, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே கனம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், இதெல்லாம் எங்க அக்கா மாசமா இருந்தப்ப இருந்துச்சு மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள், அதனால்தான் முதலில் கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும், அதையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பல்பு வெளிச்சத்தில் ஏமாந்து போவோம். இந்த அறையில் பகல் எங்கே இருக்கிறது. ஒரு ஜன்னல், அதையும் அம்மா சாத்திவிட்டாள். எரிவது குண்டு பல்பு. மசக்கைக்காரியை நாலு பேர் கண்ணில் படவிடக் கூடாதென்று ஒரு வாரமாகச் செல்வி இந்த இருட்டுக்குள்தான் படுத்துக் கிடக்கிறாள்.

ஆனால் இது நானாகப் பார்க்கிறதோ. காளீஸ்வரியின் கை பின்னலின் நடுவில் நின்றுவிட்டது. இப்படி ஒன்று இருந்துவிடக் கூடாதா என்று நான் நினைத்ததில்லையா. நினைத்தேன். முந்தாநாள் லீலா சித்தி கொண்டுவந்த மாங்காயைச் செல்வி கடித்துவிட்டுத் துப்பியபோது, பொய்யாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். அந்தச் சொற்களாலேயே நினைத்தேன். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது பொய்யாய்ப் போகிறது. விசேஷம் இல்லை, வியாதி. அந்தச் சொல் மனதில் வந்தபோது வயிற்றுக்குள் லேசாக ஒன்று இனித்ததே, அது என்ன? அதை அவள் நன்றாகப் பார்த்தாள். மறைக்கவில்லை. சந்தோஷம்தான் அது. பல்லி மாதிரி சட்டென்று வந்து சட்டென்று ஒளிந்துகொண்டது. ஆனால் வந்தது. அப்படிப்பட்டவள் பார்க்கிற மஞ்சளை எப்படி நம்புவது. அம்மா நம்புவாளா? நேற்று சாயங்காலம் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் செல்வியின் தலையைச் சுற்றினாள். ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவள் அடுத்ததாக ஏதோ சொன்னாள். கூடப்பொறந்த கண்ணு என்று சொன்ன மாதிரி இருந்தது. சொல்லாமலும் இருந்திருக்கலாம். மிளகாய் நெருப்பில் வெடித்தது, எல்லோரும் இருமினார்கள், காளீஸ்வரியும் இருமினாள். கேட்கவா முடியும், அம்மா, என் கண்ணைச் சொன்னியா என்று. இந்த மாப்பிள்ளை முதலில் அவளைப் பார்க்கத்தான் வந்தார். பெயர் நாகராஜன், தூத்துக்குடியில் ஐஸ் பேக்டரியில் சூப்பர்வைசர். காப்பியைக் கொடுத்தபோது, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். அவள் சொன்னாள். "அம்மாடி" என்றார். அந்த அம்மாடியில் கேலி இல்லை, மரியாதைதான் இருந்தது, அதனால்தான் அவளுக்குப் பிடித்தது. இரண்டு நாள் கழித்துச் சம்பந்தியம்மா ஆள் விட்டுச் சொன்னாள், படிப்பு ஜாஸ்தியா இருக்கு, சின்னவளை என்றால் பரவாயில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார் அப்பா. அந்தப் படிப்புதான் காரணம் என்றதும் அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், "அவளுக்கு மாப்பிள்ளை தானா வரும், படிச்சவ" என்றார். படிச்சவ. அன்றிலிருந்து இந்த வீட்டில் அது ஒரு ஆறுதல் வார்த்தை. காலில் அடிபட்டவனைப் பார்த்துக் கை நன்றாக இருக்கிறதே என்கிற மாதிரி. ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான். செல்வி பிளஸ் டூ முடித்தபோது கல்லூரிக்குக் கட்டக் காசும் இல்லை, கட்டணச் சலுகையும் இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கணக்கு நேராகியிருக்கும்.

"அக்கா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள் செல்வி. "செவ்வாய்." "ம்." அடுக்களையில் அம்மா பணியாரம் ஊற்றுகிறாள், வேனில் வருகிறவர்களுக்கு. எண்ணெயின் சத்தம் கேட்டது. செல்வியின் தோள் ஒருமுறை உலுக்கிக்கொண்டது, எதையோ விழுங்கினாள். கல்யாணமாகிக் கொடைக்கானல் போனார்கள். நாகராஜன் படம் அனுப்பினார், குடும்பக் குரூப்பில். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கரும்புச்சாறு வண்டி, ஒரே கிளாஸ், இரண்டு ஸ்ட்ரா, இரண்டு பேரும் நெற்றி முட்டக் குனிந்து உறிஞ்சுகிறார்கள். அந்தப் படத்தை அவள் எத்தனை தடவை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள். அவர் கை செல்வியின் இடுப்பில் இருக்கிறதா இல்லையா என்பதற்காக. இருந்தது. இப்போது அதே படம் மனதில் விரிந்தது, கையைத் தாண்டிப் போனது. வண்டியின் கீழே ஒரு அழுக்கு வாளி, அதில் கிளாஸை முக்கி எடுக்கிற பையனின் கை, சாக்கில் சுற்றிய ஐஸ் பாளம். இதெல்லாம் அப்போதும் படத்தில் இருந்தது. அவள்தான் பார்க்கவில்லை. அங்கேயாகவும் இருக்கலாம், தூத்துக்குடித் தண்ணீராகவும் இருக்கலாம், நம் டிரம்மாகவும் இருக்கலாம், யாருக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் இவள் தூங்காமல் புரண்டபோது போனில் கொஞ்சுகிறாள் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேனே. பகலெல்லாம் தூங்குகிறாள், புருஷன் சம்பாதிக்கிறான், இவளுக்கு என்ன என்று நினைத்தேனே. "அக்கா" என்றாள் செல்வி. "என்னடி?" "இன்னிக்கு என்ன கிழமை?" காளீஸ்வரி சீப்பைக் கீழே வைத்தாள். கேலி செய்கிறாளோ என்று முன்பக்கம் குனிந்து முகத்தைப் பார்த்தாள். இல்லை. உண்மையாகவே கேட்டாள். முதலில் கேட்டது அவள் நினைவில் இல்லை, எங்கோ விழுந்துவிட்டது. கல்லீரல் ரொம்பக் கெட்டுப்போனால் பகலும் இரவும் மாறும், பேச்சு குழறும், ஆள் மயங்கும். இதைப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லித் தரவில்லை, பாடத்தில் இல்லை, கல்லூரியில் படித்தது. இன்னொன்றும் படித்தது. தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலையில் ஒரு வகை, மாசமாக இருப்பவளுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படியானால் விசேஷமும் உண்மையாக இருந்துவிட்டால்? இரண்டும் சேர்ந்து இருந்துவிட்டால்? வயிற்றுக்குள் சற்று முன்னால் இனித்தது எங்கே போனது என்று தெரியவில்லை. 

"எந்திரி." "இன்னும் ஒரு பக்கம் பின்னலக்கா." "எந்திரிடி." செல்வியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். ஆள் கனக்கவே இல்லை. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரித்த முடியுமாக அவளை நடத்தி, அடுக்களையைத் தாண்டி, வாசல் பக்கம் கொண்டு போனாள். பணியாரக் கம்பியோடு அம்மா திரும்பினாள். "ஏட்டி, எங்க கூட்டிட்டுப் போற? வெயில்ல, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, நாலு பேரு கண்ணு படவா?" "படட்டும்." வாசற்படியில் செல்வியை நிறுத்தி, முகத்தைச் சூரியன் பக்கம் தூக்கி, பெருவிரலால் கீழிமையை இழுத்தாள். அங்கே வெள்ளை என்று ஒன்று இல்லை. எலுமிச்சம்பழத் தோலை உட்பக்கமாக மடித்து வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு கண்ணையும் இழுத்துப் பார்த்தாள். இவ்வளவு மஞ்சளை யாரும் ஆசைப்பட்டு உண்டாக்க முடியாது என்று நினைத்தாள். "அம்மா, இது விசேஷம் மட்டும் இல்ல. காமாலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், இப்பமே." அம்மா கம்பியை ஓங்கின மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள். "வாயக் கழுவுடி. மஞ்சப் பூசுன மூஞ்சி மஞ்சளா இல்லாம பச்சையாவா இருக்கும்? நல்ல காரியத்துக்கு ஆளு வார நேரத்துல." குரல் கீழே இறங்கியது. "எனக்குத் தெரியாதாட்டி ஒனக்கு ஏன் இப்படித் தோணுதுன்னு. வயித்தெரிச்சல்." இந்த வார்த்தை வரும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாக இதற்குப் பயந்திருக்கிறாள். வந்ததும் சப்பென்று இருந்தது. "ஆமாம்மா. வயித்தெரிச்சல்தான். ராத்திரி தூக்கம் வரல, அவ்வளவு வயித்தெரிச்சல். ஆனா அவ கண்ணு மஞ்சளா இருக்கு. என்னைய நம்பாத. நீ பாரு." தெருவில் லீலா சித்தி குடத்தோடு நின்றுவிட்டாள். செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள், யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பது போலப் பார்த்தாள். அம்மா கம்பியைக் கீழே போட்டாள். வாசல் வாளியில் முந்தானை நுனியை முக்கினாள். மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கன்னத்தில் அழுத்தித் துடைத்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடியும் முக்கிக் கழுத்தில் துடைத்தாள், கிழங்கின் கறை போக எப்படித் தேய்ப்பார்களோ அப்படி. செல்வி "யம்மா, எரியுது" என்றாள். மூன்றாவது தடவை நெற்றியில் துடைத்துவிட்டுத் துணியை வெயிலில் விரித்துப் பிடித்தாள். வெளுத்த பருத்திச் சேலை. ஈரம் மட்டும்தான் இருந்தது. அம்மா முந்தானையைக் கீழே விட்டாள். "லீலா, ஒரு ஆட்டோ கூப்பிடு" என்றாள், ஜன்னலைப் பார்த்து; லீலா சித்தி தெருவில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. பிறகு காளீஸ்வரியைப் பார்த்தாள். "நீ கூடப் போ. சம்பந்தியம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். வேனு வந்தா ஆஸ்பத்திரிக்கே வாரோம்."

ஆட்டோவில் செல்வி அவள் தோளில் சாய்ந்தாள். தூங்கவிடக் கூடாது என்று காளீஸ்வரி அவள் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். அந்தக் கையில் ஐந்து கல் மோதிரம் இருந்தது, கிள்ளும்போதெல்லாம் கண்ணில் பட்டது, அப்போதும் அது அழகாகத்தான் இருந்தது, அப்போதும் உறுத்தத்தான் செய்தது. இது போய்விடும், பயம் வந்ததும் பொறாமை ஓடிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய், "மேடம், ஒரே கூட்ஸ் வண்டிதான், இப்பப் போயிரும்" என்று திரும்பி வந்தார். காளீஸ்வரி காலை உதறிக்கொண்டிருந்தாள். போ, போ, சீக்கிரம் போ என்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள் மனதால். "அக்கா" என்றாள் செல்வி, கண்ணைத் திறக்காமல். "சொல்லு, பேசிக்கிட்டே இரு." "ஒனக்குச் சந்தோஷந்தான?" கூட்ஸ் வண்டியின் சத்தத்தில் கேட்கவில்லை என்று இருந்துவிடலாம். காளீஸ்வரி குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில், "காலையில கொஞ்ச நேரம் இருந்துச்சு" என்றாள். செல்வியின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்புதான். "எனக்கும் இருந்துச்சு" என்றாள். "எப்ப?" "அவுக ஒன்னைய வேண்டாம்னு சொன்னப்ப." கேட் மேலே ஏறத் தொடங்கியது. ஆட்டோ குலுங்கிக் கிளம்பியபோது காளீஸ்வரி தங்கையின் தலை சீட்டுக் கம்பியில் இடிக்காமல் உள்ளங்கையை நடுவில் கொடுத்து வைத்துக்கொண்டாள்.